புள்ளி வைத்த வரிகள்

மாஸ்கோவுக்குப் போன நாற்பதாயிரம் பனியனில்
கழுத்துப்பட்டி பிரிகிறதென்று புகார் வந்தது.
கூடவே ஒரு சின்னப் புத்தகம்.
‘உன் ரஷ்யன் இன்வாய்ஸிலேயே செத்துவிடும், இதைப் படி’
உள்ளட்டையில் லூத்மிலாவின் கையெழுத்து.
பாதி விலைக்குச் சரக்கைக் கேட்டவளும் அவள்தான்.

ப்ரோகோர் லுகிச் வெத்ரோவ்.
படத்தில் பல்வலிக்காரன் முகம்.
மாகாணக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா.
பதினோரு புனைபெயர்;
அதில் ஒன்று பக்கத்து வீட்டு ஆட்டுக்கிடாயின் பெயர்.
போலீஸ் முதல் சம்மனை
கிடாய்க்குத்தான் அனுப்பியது.

ராயபுரத்து மாடி அறையில்
நைட் ஷிப்டு ஆட்கள் உள்ளே போன பிறகு
அவனைத் தமிழுக்கு இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
செந்தமிழ் கொடுத்தேன், திரும்பிப் படுத்துக்கொண்டான்.
பத்திரிகைத் தமிழ் கொடுத்தேன், இருமினான்.
கடைசியில் எங்கள் பேச்சைக் கொடுத்தேன்:
‘ஏனுங் எசமான், சௌக்கியமுங்ளா?’
சடக்கென எழுந்து உட்கார்ந்தான்.
மரியாதை குறையாமலே
ஒருத்தனைக் கொன்றுபோடலாம் கொங்குத் தமிழில்.
பாவம், அவனுக்கு அது வாய்க்கவில்லை.

அவனுடைய பெரிய கவிதையில் ஒரு தோல் பட்டறை.
ஆறு நாறுகிறதென்று ஊரார் மனு.
இன்ஸ்பெக்டர் வருகிறார்,
மூக்கைப் பொத்திக்கொண்டு விருந்து சாப்பிடுகிறார்.
ஓநாய்த்தோல் கோட்டு ஒன்று
தானாக நடந்துபோய் அவர் வண்டியில் ஏறுகிறது.
அறிக்கை சொல்கிறது:
‘மீன்கள் நலம்.
கரையோரம் மல்லாந்து படுத்து
வெயில் காய்கின்றன.’

அதற்குப் பிறகு ஐந்து வரி கிடையாது.
தணிக்கை அதிகாரி அடித்துவிட்டார்.
அடித்த இடமெல்லாம் புள்ளி வைத்து
அச்சுக்குக் கொடுத்தான் வெத்ரோவ்.
சாராயக் கடையில் ஜனம் புள்ளிகளை எண்ணி
முதலாளி பெயரைப் போட்டு நிரப்பிக்கொண்டது.
மறுவாரமே உத்தரவு:
இனிமேல் புள்ளியும் கூடாது.

நாற்பத்தோரு வயதில் தர்ம ஆஸ்பத்திரி.
பெட்டிக்குப் பின்னால் ஆறு பேர் நடந்தார்கள்.
ஆறாவது ஆள், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி,
அந்தத் தணிக்கை அதிகாரி.
அவன் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவர்
உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

வளர்மதி பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.
நொய்யல் அன்றைக்கு மெஜந்தா.
நாங்கள் போன வாரம் ஏற்றிய
கோடைக்கால ஆர்டரின் அதே நிறம்;
ஷேடு கார்டை வைத்து ஒப்பிட்டால்
பையர் அப்ரூவல் கொடுத்துவிடுவார்.

அறைக்கு வந்து
‘தோல் பட்டறை’ என்று எழுதப் போன கை
‘சாயப்பட்டறை’ என்று எழுதியது.
நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தாமல் பட்டறைக்கு ஒரு பெயரும் வைத்தது.
மகளுக்கு இரண்டாம் டெர்ம் பீஸ் பாக்கி.
அடித்தேன்.
ஜார் இல்லை, போலீஸ் இல்லை,
ஜன்னலில் ஒரு பல்லி மட்டும்.
அடித்த இடத்தில் புள்ளி வைத்தேன்,
ஏழோ எட்டோ, எண்ணவில்லை.

ஊத்துக்குளிச் சிற்றிதழ் ஒன்றில் வந்தது.
முந்நூறு பிரதி.
அதில் ஒன்று எப்படியோ
கருப்பண்ணன் முதலாளி மேசைக்குப் போயிருந்தது.

கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.
‘உக்காருடா.’
மீன் வெயில் காய்ந்த இடத்தில்
வயிறு குலுங்கச் சிரித்தார்.
‘ரஷ்யாவுல இப்படியெல்லாமாடா நடக்குது?’
பிறகு மோதிர விரலைப் புள்ளிகளின் மேல் வைத்து
ஒவ்வொன்றாக நகர்த்தினார்,
சம்பளக் கவர் எண்ணுகிற மாதிரி.
‘ஏழு இருக்குதுடா.
நம்ம பேருக்கு எத்தன எழுத்து?’

‘புள்ளி அந்த ரஷ்யாக்காரர் வெச்சதுங்க’ என்றேன்.

பதினாறு வருஷமாக என்னை
வாடா போடா என்றே கூப்பிட்டவர்
புத்தகத்தை மூடி, என் பக்கமாகத் தள்ளினார்.
‘அப்படீங்ளா.
டீ ஆறிப்போகுதுங், குடிங்க.’